சந்தனம் வைத்த அச்சு

அழகம்மாளுக்குக் கோபம் வரும் என்பது பாலக்கரை ராமர் பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். எதற்கு வரும் என்றுதான் ஒருவரும் தெரிந்துகொள்ள மெனக்கெடவில்லை. வெயிலில் நிற்க வைத்தால் வராது. டவுன் பஸ் கிடைக்காமல் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து வந்த நாளிலும் வராது. அவள் மெழுகு போட்டு முடித்த அச்சின் உள்பக்கத்தில் யாராவது விரல் வைத்தால் வரும். வந்துவிட்டால் எதிரில் நிற்பது முதலாளியா, முதலாளியின் மைத்துனனா என்றெல்லாம் பார்க்க மாட்டாள்.

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் பிறந்தது கொள்ளிடக்கரையை ஒட்டிய ஒரு சந்தில், கொலுப் பொம்மை செய்கிற வீட்டில். பொம்மைக்கு வெளிப்பக்கம் எதுவோ அது அச்சுக்கு உள்பக்கம். அச்சின் உள்ளே தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் விழுந்தால், அதில் எடுக்கிற ஆயிரம் பொம்மைக்கும் மூக்கில் கீறல் இருக்கும். அப்பா பிச்சமுத்து போன பிறகு வீட்டில் அச்சு எடுக்கிற வேலை அழகம்மாள் கைக்கு வந்தது. தம்பிகள் இருவரும் வர்ணம் பூசுகிற பக்கம் போய்விட்டார்கள். பொம்மை வாங்க வருகிறவர்கள் வர்ணத்தைத்தான் பாராட்டுவார்கள், அச்சை யார் பார்த்தார்கள்? அந்தக் கணக்கு தம்பிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ராமர் அவளைத் தேடி வந்தது அறுபத்து மூன்றாம் வருஷம். அவருடைய பட்டறையில் பஸ்ஸுக்கும் காருக்கும் டிங்கர் வேலையும் பெயிண்டும் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார்களுக்கு உதிரிப் பாகம் வருவது அந்த நாட்களில் அடியோடு நின்றுபோயிருந்தது. துருப்பிடித்து மட்கார்டு உதிர்ந்தால், தகரத்தை அடித்து ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டியதுதான். அப்போது மெட்ராஸிலிருந்து வந்த ஒரு ஏஜெண்ட், கண்ணாடி நாரில் நெய்த பாயையும் ஒரு டின் ரெசினையும் காட்டி, இரண்டையும் சேர்த்தால் இரும்பு மாதிரி இறுகும், துருவே பிடிக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். ராமர் ஆசைப்பட்டு ஒரு பீப்பாய் ரெசின் வாங்கிப் போட்டார்.

ஆசைப்பட்டவருக்கு வேலை தெரியவில்லை. பட்டறை ஆட்கள் பழைய மட்கார்டின் மேலேயே பாயை ஒட்டி ரெசினைத் தடவினார்கள். உரித்து எடுத்தபோது உள்பக்கம் வழவழவென்று இருந்தது, வெளியே தெரிய வேண்டிய பக்கம் சொரசொரவென்று பலாப்பழம் மாதிரி இருந்தது. தலைமை டிங்கர் தைரியராஜ் அதை அரத்தால் ராவி ராவி ஒரு மாதத்தை வீணாக்கினார். கடைசியில் யாரோ, இதற்கு அச்சு வேண்டும், அச்சு தெரிந்தவன் பொம்மைக்காரன் என்று சொல்ல, ராமர் பிச்சமுத்துவைத் தேடிக்கொண்டு கொள்ளிடக்கரைக்கு வந்தார். பிச்சமுத்து இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். அழகம்மாள் அவரை நிறுத்தி, அவர் கொண்டுவந்திருந்த அந்தச் சொரசொரப்பான மட்கார்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து, இதைப் பெற்றவர்களுக்கு முகம் எது முதுகு எது என்றே தெரியவில்லை என்றாள். ராமருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேலை ஆக வேண்டும். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவளுடைய புருஷன் மருதை காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தைக்கிறவர். யாரிடமும் சண்டைக்குப் போகாத மனுஷர். பட்டறை என்றால் ஆம்பளைகள் நிறைய இருப்பார்களே என்று மட்டும் கேட்டார். இருக்கட்டும், நான் அவர்களை அச்சு எடுக்கப் போகவில்லை என்றாள் அழகம்மாள்.

இரண்டு வருஷம் சின்னச் சின்ன வேலையாகப் போயிற்று. ஹெட்லைட் வளையம், பஸ் கூரையின் மூலை, பெட்ரோல் மூடி. எல்லாவற்றுக்கும் அவள்தான் அச்சு எடுத்தாள். அப்புறம்தான் புத்தூர் டாக்டரின் கார் வந்தது. முப்பதுகளில் கப்பலில் வந்த கார். முன்பக்கத்து இடது மட்கார்டு இற்றுப்போய், தொட்டால் கையோடு வந்தது. வலது நன்றாக இருந்தது. இடதுக்கு மாதிரி வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. வலதைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒன்றை முதலில் உண்டாக்க வேண்டும், அதன் மேல் அச்சு எடுக்க வேண்டும், அந்த அச்சுக்குள் மட்கார்டைப் பிறப்பிக்க வேண்டும். தைரியராஜ் ஆகாது என்று கையை விரித்துவிட்டார். அழகம்மாள் ஆகும் என்றாள்.

நாலு மாதம் ஆயிற்று. மரச்சட்டம் கட்டி, பிளாஸ்டர் பூசி, நூலாலும் குச்சியாலும் வலதை அளந்து அளந்து இடதைத் திரட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் ஒரே சமயத்தில் தடவிப் பார்ப்பாள், எந்தக் கை முதலில் மேடு ஏறுகிறதோ அந்தப் பக்கம் சுரண்டுவாள். மட்கார்டின் விளிம்பு கீழே போய் உள்பக்கமாக மடங்கும். அதனால் அச்சை ஒரே துண்டாக எடுத்தால் கழற்ற முடியாது என்று, நடுமுதுகில் மண்ணால் ஒரு வரப்புக் கட்டி பாயும் ரெசினும் போட்டு இரண்டு பாதியாக எடுத்து, பாதிகளைப் போல்ட் போட்டு இணைத்தாள். பொம்மைக்கு முன்பாதி பின்பாதி எடுக்கிற அதே முறைதான். பிறகு உள்பக்கத்தைத் தண்ணீர் தொட்டு உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, ரெசின் ஒட்டாமல் உரிந்து வர உள்ளங்கையால் பதினேழு கை மெழுகு ஏற்றினாள். குனிந்து பார்த்தால் பட்டறை ஜன்னல் கம்பி அதில் தெரிந்தது. மோதிரம் போட்டவர்கள் பக்கத்தில் வரக்கூடாது, மோதிரம் இல்லாதவர்களும் வரக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தாள்.

இந்த வேலைக்கு நடுவில் ஒரு நாள்தான் அவள் அட்டெண்டன்ஸ் நோட்டை முழுவதாகப் பார்த்தாள். தினம் கையெழுத்துப் போடும்போது கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் அவள் போட்டுவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு நோட்டு முதல் பக்கத்தில் திறந்து கிடந்தது. மேலே மேஸ்திரி என்று எழுதி, கீழே தைரியராஜ் முதலாக மூன்று பெயர்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்தால் சித்தாள் என்று எழுதி, கூட்டிப் பெருக்குகிற இரண்டு பெண்களுக்குக் கீழே அழகம்மாள். இரண்டு வருஷமாக அவள் எடுத்த அச்சுகள் சுவரோரம் வரிசையாக நிற்க, நோட்டில் அவள் சட்டி தூக்குகிறவள். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றி எரிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு நேரே ராமரிடம் போய், அச்சு எடுக்கிறவளுக்கு என்ன பெயர் என்று கேட்டாள். ராமர் சிரித்து மழுப்பப் பார்த்தார். சுற்றிலும் ஆட்கள் நின்றதால் மழுப்ப முடியவில்லை.

"டாக்டர் மட்கார்டு பழுதில்லாம வெளிய வரட்டும். அன்னிக்கே உன்னை மேஸ்திரின்னு முதல் பக்கத்துல எழுதிடறேன். போதுமா?" என்றார்.

போதும் என்றாள். அவள் அந்தப் பட்டறையில் கேட்டது இந்த ஒன்றுதான்.

அச்சு முடிந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். பூஜையன்று காலையில் பெண்கள் மூவரும் பட்டறையைக் கழுவிவிட்டு, வீட்டுப் பூஜைக்குக் கிளம்பினார்கள். பட்டறைப் பூஜை சாயங்காலம், ஆண்களுக்கு. மறுநாள் விஜயதசமி, நீ ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்று ராமர் சொல்லி அனுப்பினார். அழகம்மாள் அச்சின் மேல் பழைய வேட்டி ஒன்றை மூடிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சுத்தியல், இடுக்கி, வெல்டிங் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்த ராமர், அச்சின் முன்னால் வந்து நின்றார். பட்டறையிலேயே பெரிய பொருள் அதுதான். பக்தி பொங்கிவிட்டது. வேட்டியை எடுத்தார். மற்றவற்றுக்கெல்லாம் ஒரு பொட்டு என்றால் இதற்கு ஐந்து. அதையும் வெளிப்பக்கத்தில் வைக்கவில்லை, வெளிப்பக்கம் நாரும் பிசிறுமாக அசிங்கமாக இருந்ததாம். பளபளவென்று இருந்த உள்பக்கத்தில், நெற்றிக்கு இடுகிற மாதிரி நடுமுதுகில், கட்டை விரல் கனத்துக்கு அப்பினார். போதாததற்கு அச்சின் உள்ளேயே அடிப்பக்கத்தில் ஒரு கட்டி சூடத்தையும் வைத்துக் கொளுத்தினார். பதினேழு கை மெழுகு. நாலு மாதம். ஒரு கட்டி சூடம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நல்ல நேரம் என்று அழகம்மாள் வருவதற்குள்ளாகவே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பூஜைச் சந்தனத்தை யாராவது துடைப்பார்களா? துடைக்கவில்லை. தைரியராஜ் அதன் மேலேயே முதல் பூச்சை அடித்து, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, ரெசினை ஊற்றினார். ஒன்பது மணிக்கு அவள் வந்தபோது எல்லாம் இறுகிக்கொண்டிருந்தது. அவளில்லாமல் தொடங்கிவிட்டார்களே என்று கோபம் வந்தது. நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். பின்னால் அவள் தன்னையே திட்டிக்கொண்டது இந்த ஒன்றுக்குத்தான்.

அடுத்த நாள் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். டாக்டரும் வந்திருந்தார். மேல்பாதி சரியாக வந்தது. கீழ்ப்பாதி வரவில்லை. மரச்சுத்தியால் தட்டினார்கள், ஆப்பு வைத்தார்கள். வந்தபோது அச்சின் தோலையும் உரித்துக்கொண்டு வந்தது. மட்கார்டின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளமும் கரியும். நடுமுதுகில் ஐந்து குழி, குழிக்குள் மஞ்சளாகச் சந்தனம். டாக்டர் விரலால் ஒவ்வொரு குழியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மை போட்ட மட்கார்டாக இருக்கிறதே என்று சொல்லிப் புறப்பட்டுப் போனார்.

ராமர் திரும்பி அழகம்மாளைப் பார்த்தார். மெழுகு சரியில்லை என்றார். களிமண் பிசைகிற கைக்குக் கார் வேலை எப்படி வரும், நம்பினது என் தப்பு என்றார். சந்தனம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதைவிட்டு வேறு எங்கோ பார்த்தார்கள்.

அவள் முதலில் தைரியராஜிடம் போனாள். பூச்சு அடிக்கும்போது பொட்டு கண்ணில் படவில்லையா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பட்டுதும்மா. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். சாமிக்கு வச்ச சந்தனத்தை நான் துடைச்சேன்னா அது வேற பேச்சாயிடும். உனக்கே தெரியும்."

அது அவளுக்குப் புரிந்தது. அதற்காக அவரைக் கோபிக்க அவளால் முடியவில்லை. இதையே முதலாளி காதில் விழச் சொல்லுங்கள் என்றாள். அவர் சொல்லவில்லை. கோபித்தது அதற்குத்தான்.

அழகம்மாள் ஒரு தகரத் தகட்டை எடுத்தாள். எல்லாரும் பார்க்க அதைத் தேய்த்து மெழுகு போட்டாள். ஒரு பக்கம் சும்மா விட்டாள், நடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள், மறு ஓரத்தில் சூடம் கொளுத்தி அணைத்தாள். மேலே பூச்சு, பாய், ரெசின். இறுகும் வரை அந்த இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள், சாப்பிடக்கூடப் போகவில்லை. சாயங்காலம் உரித்தாள். சும்மா விட்ட பக்கம் முகம் பார்க்கலாம் போல வந்தது. பொட்டு இருந்த இடத்தில் குழி. சூடம் எரிந்த இடம் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. அதைக் கொண்டுபோய் ராமர் கையில் கொடுத்தாள். அவர் ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்தார். புரியாமல் போக அவர் மூடர் இல்லை.

"சாமிக்கு வச்சதைக் குத்தம்னு சொல்ற வாய் நல்லா இருக்காது" என்றார்.

"சாமியை நான் ஒண்ணும் சொல்லலீங்க. சந்தனம் வச்ச கையைச் சொல்றேன். அது உங்க கை."

ராமர் அந்தத் துண்டை மேஜை மேல் போட்டார். முதலாளியின் முகம் கறுத்துப் போயிற்று. பிளாஸ்டரில் திரட்டிய மூல உருவம் பத்திரமாகத்தானே இருக்கிறது, அதன் மேல் இன்னொரு அச்சைத் தைரியராஜ் எடுப்பான், நீ சித்தாளாகக் கூடவே நின்று சாமான் எடுத்துக் கொடு என்றார். அழகம்மாள் சுரண்டிகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, எதையாவது எடுத்து எங்காவது எறிய வேண்டும் போலிருந்து, எறிய எதுவும் இல்லாததால் வந்தது.

மருதை சமாதானம் பேசிப் பார்த்தார். நோட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன, செய்கிற வேலை செய்கிற வேலைதானே என்றார். அவள் அவரிடம், நாளைக்கு மண்டியில் உங்கள் பெயருக்கு நேரே மூட்டை என்று எழுதினால் சும்மா இருப்பீர்களா என்று கேட்டாள். மருதை யோசித்துப் பார்த்து, இருக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

விஷயம் காதுக்குக் காது போய், உறையூரில் பஸ் கூண்டு கட்டுகிற ஹனீஃபா ஆள் அனுப்பினார். பஸ்ஸின் முன்மூலைகளை ஃபைபரில் செய்ய வேண்டும், அச்சு வேலை முழுவதும் உங்கள் பொறுப்பு, சம்மதமா என்று கேட்டிருந்தார். அழகம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. அவள் மனசு பாலக்கரையிலேயே கிடந்தது. எங்கே இல்லை என்று சொன்னார்களோ அங்கேயே தன் பெயரை மேஸ்திரி என்று எழுத வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறியாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், தினமும் வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டால் பட்டறையிலிருந்துதானோ என்று எட்டிப் பார்த்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ராமரே வந்தார். அங்கே நடந்ததை அவரே சொன்னார். நடுவில் இணைப்புக்கோடு விழுந்தால் அசிங்கம் என்று தைரியராஜ் அச்சை ஒரே துண்டாக எடுத்திருக்கிறார். தகரமாக இருந்தால் நெளித்துக் கழற்றலாம், இறுகிய ரெசின் நெளியுமா? உள்ளே மடங்கிய விளிம்பில் பூட்டிக்கொண்டது. சம்மட்டியால் அடித்திருக்கிறார்கள். அச்சும் உடைந்தது, உள்ளே இருந்த பிளாஸ்டர் மாதிரியும் தூள் தூளாகிவிட்டது. நாலு மாதம் கண்ணை மூடித் தடவித் தடவித் திரட்டிய இடது மட்கார்டு பட்டறை வாசலில் குப்பையாகக் கிடக்கிறது. டாக்டர் காரைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் விடுவதாகச் சொல்லிவிட்டார். ஊரெல்லாம் சிரிக்கிறது.

"நாளைக்கு வாங்க. முதல் பக்கத்துல எழுதிடறேன்" என்றார். அவளை ராமர் ‘வாங்க’ என்றது அதுதான் முதல் தடவை.

மாதிரி உடைந்ததை அவள் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். ராமர் போனதும் மருதையை உறையூருக்கு அனுப்பி, திங்கட்கிழமை முதல் வருவதாக ஹனீஃபாவிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். அப்படியென்றால் பாலக்கரைக்கு எதற்குப் போகிறாய் என்று மருதைக்குக் குழப்பம். பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலை பட்டறை முழுவதும் கூடியிருந்தது. தைரியராஜ் அவள் கண்ணில் படாமல் சிலிண்டருக்குப் பின்னால் நின்றார். ராமர் நோட்டைத் திறந்து, மூன்று மேஸ்திரிகளுக்குக் கீழே நாலாவதாக எழுதி, அவள் பக்கம் திருப்பி வைத்தார். அழகம்மாள், மேஸ்திரி. அவள் எழுத்து எழுத்தாகப் படித்தாள். இதைப் பார்த்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் அடங்கவில்லை. அந்தத் தகரத்தில் உரித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாரே, உண்மை தெரிந்த அன்றைக்கு எழுதாத கை, அவளுடைய நாலு மாதத்தைச் சம்மட்டியால் நொறுக்கிவிட்டு, வேறு வழியில்லை என்று இன்றைக்கு எழுதுகிறது. அதை நினைக்க நினைக்க முன்னைவிட அதிகமாகக் கொதித்தது.

எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்று ராமர் கேட்டார். இன்றைய தேதிக் கட்டத்தில் என் பெயருக்கு நேரே என்ன போடுவீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். வந்துதான் இருக்கிறீர்களே, ஆஜர் என்று போட வேண்டியதுதான் என்றார் அவர்.

"ஆப்சென்ட்னு போடுங்க. திங்கக்கிழமையும் அதையே போடுங்க. நான் ஹனீஃபா பாய் பட்டறையில சேர்ந்துட்டேன்."

ராமர் நிமிர்ந்து பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் ஆப்சென்ட் என்று அவர் எழுதி முடிக்கும் வரை அழகம்மாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.